அந்தோணியம்மா கையில் நிற்காத கத்தி

எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது ஒரு நாய்.

அண்மையில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சிறிய மண்டபத்தில், வார இறுதிகளில் ஆசைக்குக் கத்தி செய்யும் இளைஞர்கள் சிலர் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். "ஆன்டி, இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தீங்க? யாரு இன்ஸ்பிரேஷன்?" என்று ஒரு தம்பி மைக்கை நீட்டினார். நாய் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அதனால்தான் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த நாய் ஜெஞ்சாரோம் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து மேனேஜருடையது. நடந்தது எழுபதுகளின் நடுவில். மேனேஜரிடம் வெளிநாட்டுக் கத்தி ஒன்று இருந்தது. அதன் பிடி மரமும் இல்லை, கொம்பும் இல்லை. தோலை வில்லை வில்லையாக வெட்டி, ஒவ்வொன்றின் நடுவிலும் துளை போட்டு, பிடிக்குள் நுழையும் கத்தியின் வாலில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்து, இறுக்கி, தேய்த்து வழுவழுப்பாக்கிய பிடி. பார்ப்பதற்குத் தோசைகளை அடுக்கி வைத்ததுபோல் இருக்கும். நாய்க்கும் அப்படித்தான் தெரிந்திருக்க வேண்டும். மழை பெய்த ஒரு மத்தியானம் வராந்தாவில் படுத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் அத்தனை தோசையையும் தின்று தீர்த்துவிட்டது.

மேனேஜர் மிஞ்சிய இரும்பை எடுத்துக்கொண்டு கிள்ளானில் இருந்த தவுக்கேயின் பட்டறைக்குப் போனார். தோட்டங்களுக்குப் புதர் வெட்டும் பாராங்கத்தியும், செம்பனைக் குலை அறுக்கும் அரிவாளும், பாசார்ச் சந்தைக் கடைகளுக்கு மீன், இறைச்சி வெட்டும் கத்தியும் செய்யும் பட்டறை அது. தவுக்கே என்றால் முதலாளி; எங்கள் தவுக்கே சீனர். தோட்டத்துப் பிள்ளைகளோடு புரண்டு வளர்ந்தவர் என்பதால் தமிழ் சரளமாக வரும். ஆனால் 'நீங்கள்' என்று ஒரு சொல் இருப்பதை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. போலீஸ் அதிகாரி வந்தாலும் கோயில் தலைவர் வந்தாலும், கடைசியில் ஒரு 'லா' ஒட்டி, "நீ உக்காருலா"தான். 'முடியாது' என்ற சொல்லும் அவருக்கு எந்த மொழியிலும் தெரியாது. தோல்பிடியை அவர் அதற்கு முன் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. "அடுத்த வாரம் வந்து எடுத்துக்கோ" என்று மேனேஜரை அனுப்பிவிட்டு, பிறகுதான் தலையைச் சொறிய ஆரம்பித்தார்.

அப்போது நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சப்பாத்துக் கடையின் பின்கட்டில் காலணிகளுக்கு அடித்தோல் வெட்டிக்கொண்டிருந்தேன். தவுக்கே கத்தியைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார்.

"இது என்ன தோலு? கேக்காத கடை இல்ல. ஒருத்தனுக்கும் தெரியலலா."

நாய் மறந்துவிட்டுப் போன ஒரே ஒரு வில்லை வாலில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் ஓரத்தை நகத்தால் கீறிப் பார்த்தேன்.

"அடித்தோல்தான், தவுக்கே. மரப்பட்டைத் தண்ணியில ஊறவெச்சுப் பதம் பண்ணினது. சப்பாத்துக்கு மேல போடுற மெது தோலப் போட்டா பஞ்சு மாதிரி அமுங்கிடும்."

"எவ்ளோ பெருசு வாங்கணும்?"

"வாங்கவே வேணாம். கீழ பாருங்க. வெட்டின மிச்சமே கிடக்கு."

அவர் தரையில் கிடந்த துண்டுகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நீ கிள்ளானுக்கு வர்றியா?"

"எதுக்கு?"

"நாய் சாப்பிட்டத திரும்பச் செய்ய."

அன்று அவர் மூட்டை கட்டி எடுத்துப்போன மிச்சத்தில் நானும் ஒருத்தி.

தோல் வேலை, அதுவும் பட்டறையில், ஆண்களுக்கு நடுவில். அம்மாவுக்கு வெளியே சொல்லக் கூச்சம். உறவுக்காரர்களிடம், "தனம் ஒரு கத்திக் கம்பெனி ஆபீஸ்ல கிளார்க்கு" என்று சொல்லி வைத்திருந்தார். வீட்டுக்குள் நுழையும்போது என் விரல்கள் தோல் கறையும் பசையுமாக இருக்கும். "மை ஜாஸ்தி ஊத்திட்டாங்க" என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

முதல் இரண்டு வருஷத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: கெடுத்தேன், திட்டு வாங்கினேன், மறுபடியும் கெடுத்தேன்.

வேலை என்னவோ எளிதுதான். இரும்பு வேலை கொல்லர் முனியாண்டி அண்ணன் பொறுப்பு. பழைய லோரி வில்பட்டையை உலையில் போட்டு அடித்துக் கத்தியாக்குவார். அடிக்கும்போதே, "இது சிமெண்டு லோரி, பிடிவாதம் ஜாஸ்தி", "இது காய்கறி லோரி, சொன்னபடி கேக்கும்" என்பார். எப்படித் தெரியும் என்று கேட்டால், "சத்தத்துலயே தெரியும்மா" என்பார். அது உண்மையா, என்னைப் பார்த்துச் சிரிப்பதற்காகச் சொன்னதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கத்தி ஆறியதும் என்னிடம் வரும். அதன் வால் ஒல்லியாக, நுனியில் நட்டு மாட்டுவதற்கு மரை போட்டு இருக்கும். முதலில் பித்தளைத் தடுப்பு; விரல் வழுக்கி வெட்டுவாய்ப் பக்கம் போகாமல் காப்பது அதுதான். பிறகு வில்லைகள். ஒவ்வொன்றின் துளையும் வாலைவிட ஒரு மயிரிழை சிறியதாக இருக்க வேண்டும். பெரியதாகிவிட்டால் பிடி நாளைக்கே ஆடும். வில்லையை லேசாக நனைத்து, பசை தடவி, ஒரு குழாயை வைத்துத் தட்டித் தட்டி இறக்க வேண்டும். கடைசியில் மூடியும் நட்டும். இறுக்கிவிட்டு அன்றோடு விட்டுவிடக் கூடாது. தோல் காயக் காயச் சுருங்கும், மறுபடி இறுக்க வேண்டும், மறுபடியும் சுருங்கும். அது போதும் என்று சொல்லும்வரை இறுக்கிவிட்டு, பிறகு அரத்தால் ராவி, தேய்ப்புத்தாள் போட்டு, மெழுகு தேய்த்தால், மாட்டுத்தோல் ஒரு கட்டத்தில் தேன் நிறத்துக்கு வந்து பளபளக்கும். அந்த நிறத்தை முதன்முதலாகப் பார்த்த அன்று பிரிக்பீல்ட்ஸ் கடையை மறந்தேன்.

முடித்ததும் தவுக்கேயிடம் போகும். அவர் கத்தியைப் பார்க்கமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு மனிதருக்குக் கை கொடுப்பதுபோல் பிடியைப் பற்றுவார். கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். நல்ல பிடியாக இருந்தால் "கை" என்பார். இல்லாவிட்டால் "கால்." அவ்வளவுதான் அவருடைய தீர்ப்பு. எங்கே தவறு, எதைத் திருத்த வேண்டும் என்றெல்லாம் சொல்லமாட்டார். முதல் வருஷம் முழுவதும் நான் கால்களாகச் செய்து தள்ளினேன்.

ஒருவழியாக முடிந்த மேனேஜரின் கத்தியைப் பார்த்துவிட்டு மற்ற தோட்டத்து மேனேஜர்களும் கேட்டார்கள். பிறகு வேட்டைக்குப் போகிறவர்கள், தூண்டில் போடுகிறவர்கள். எண்பதுகளில் தோல்பிடிக்கு என்றே பட்டறையில் ஒரு மூலை எனக்கு ஒதுக்கப்பட்டது. அந்த மூலைக்குத்தான் ஒருநாள் அந்தோணியம்மா வந்தார்.

அவர் கிள்ளான் பாசாரில் மீன் விற்றார். கணவர் இல்லை. இரண்டு பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். குரல் எடுத்தால் துறைமுகத்துக்குக் கேட்கும். வந்ததும் எங்கள் பட்டறையில் வாங்கிய மரப்பிடிக் கத்தியைப் பலகையில் போட்டார்.

"இந்தக் கத்திக்குக் கையில நிக்கத் தெரியல. என்ன கத்தி செய்றீங்க?"

"நிக்கலன்னா?" என்று கேட்டேன்.

"பறக்குது!"

உண்மையாகவே பறந்திருக்கிறது. பாறை மீன் தலையை வெட்ட ஓங்கியபோது கையை விட்டுப் போய், பக்கத்துக் கோழிக்கடை ராஜூவின் வெட்டுக்கட்டையில் குத்தி நின்றிருக்கிறது. தவுக்கேக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் கத்தியை அதுவரை யாரும் பறவை என்று சொன்னதில்லை.

"மரம் தண்ணியில வழுக்கும். தனம், இவளுக்குத் தோல்ல போடு."

போட்டேன். அழகான பிடி. தவுக்கே "கை" என்றார். சில நாட்களில் அந்தோணியம்மா அதையும் கொண்டுவந்து போட்டார். மீன் தண்ணீரைக் குடித்துக் குடித்துப் பிடி ஊறிப் பருத்திருந்தது. நாற்றம் தாங்கவில்லை. பாசார்ப் பூனைகள் மீனை விட்டுவிட்டுக் கத்தியைத் தேடி வருவதாகவும், ஒன்று பிடியைக் கவ்விக்கொண்டு மேசைக்கு அடியில் இழுத்துப்போய்விட்டதாகவும் சொன்னார்.

தவுக்கே நெற்றியில் அடித்துக்கொண்டார். "நாய்க்கு ஒன்னு செஞ்சோம். பூனைக்கு ஒன்னு செஞ்சோம். மனுசனுக்கு எப்பலா செய்யப்போறோம்?"

"அது மட்டுமில்ல, இதுவும் பறந்துச்சு" என்றார் அந்தோணியம்மா.

மறுநாள் காலை நானும் தவுக்கேயும் பாசாருக்கே போனோம். கோழிக்கடை ராஜூ மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு கோழி வெட்டிக்கொண்டிருந்தார். "சிரிக்காதீங்க தங்கச்சி, எனக்கும் குடும்பம் இருக்கு" என்றார். பாசார் அதிகாரியும் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்: இன்னொரு தடவை கத்தி பறந்தால் அந்தோணியம்மா மீன் வெட்டக்கூடாது, முழு மீனாகத்தான் விற்க வேண்டும். வெட்டிக் கொடுக்காத கடையில் யார் மீன் வாங்குவார்கள்? கடையைச் சாத்தச் சொல்வதும் அதுவும் ஒன்றுதான்.

நான் அந்தோணியம்மாவின் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். கெளுத்தி மீனைச் சுத்தம் செய்துகொண்டே ஒரு கிழவியிடம் விலை பேசிக்கொண்டிருந்தார். மீன் முள் ஆள்காட்டி விரலில் ஏறியது. அவர் பேச்சை நிறுத்தவில்லை. ரத்தம் ஐஸ் கட்டியில் சொட்டியது.

"அக்கா, ரத்தம்."

குனிந்து பார்த்தார். சட்டென்று கையை ஏப்ரனில் துடைத்தார். "மீன் ரத்தம்டி" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் வேனில் தவுக்கே மரப்பிடியைப் பற்றியும் தோல்பிடியைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தார். நான் அந்த விரலையே நினைத்துக்கொண்டு வந்தேன். நேரில் கேட்டால் அந்தோணியம்மா ஒத்துக்கொள்ளமாட்டார். அந்தத் துடைத்த வேகத்திலேயே அது தெரிந்தது.

அடுத்த நாள் சப்பாத்தி மாவை உருட்டி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனேன்.

"என்னடி, இங்க வந்து சப்பாத்தி சுடப்போறியா?"

"அளவெடுக்கணும்க்கா. கத்தியப் புடிக்கிற மாதிரி நல்லா அழுத்திப் புடிங்க."

"தையக்காரி மாதிரி பேசுறா பாரு" என்று ராஜூவிடம் சொல்லிக்கொண்டே பிடித்தார். பட்டறைக்குக் கொண்டுவந்து பலகையில் வைத்தேன். மீன் வாசம் அடித்த அந்த மாவில் சுண்டு விரலும் மோதிர விரலும் ஆழமாகப் பதிந்திருந்தன. மற்ற மூன்று விரல்களும் மாவைச் சும்மா தொட்டுவிட்டுப் போனதுபோல் இருந்தன.

தவுக்கே அந்தப் பள்ளங்களில் தன் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு, "இது கத்தி வேலை இல்ல தனம். டாக்டர் வேலை" என்றார்.

"ரெண்டும்தான், தவுக்கே. டாக்டர்கிட்ட போறவரைக்கும் கடை இருக்கணும்ல?"

அப்படித்தான் என் வாழ்க்கையிலேயே கஷ்டமான பிடியைச் செய்ய ஆரம்பித்தேன்.

முதலில் தண்ணீர். தோலுக்குள் ஈரம் போகாமல் தடுக்க வேண்டும். கிள்ளான் துறைமுகத்தில் மரப்படகுகளைப் பழுதுபார்க்கும் மலாய்ப் பெரியவர் ஒருவரைத் தவுக்கேக்குத் தெரியும். அவர் படகு விரிசலை அடைக்கும் குங்கிலியத்தையும் மர எண்ணெயையும் கொடுத்து, காய்ச்சும் விதத்தையும் சொன்னார். நான் அவசரப்பட்டு, கொதிக்கக் கொதிக்க இருந்ததில் வில்லைகளைப் போட்டுவிட்டேன். எல்லாம் அப்பளம் மாதிரி சுருண்டுவிட்டன. பட்டறை முழுக்கப் புகை. பக்கத்துக் கடைக்காரர், "என்ன பூசை இன்னைக்கு?" என்று எட்டிப்பார்த்தார். அடுத்த தடவை, காய்ச்சியதைக் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, அதில் ஊறவைத்தேன். அந்த வில்லைகளைப் பிறகு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டு வைத்தும் ஊறவில்லை. பட்டறைப் பூனையின் முன்னால் ஒன்றைப் போட்டுப் பார்த்தோம். முகர்ந்துவிட்டு, தும்மிவிட்டு, போய்விட்டது. தவுக்கே பூனைக்குக் கை தட்டினார்.

அடுத்தது வடிவம். எல்லா வில்லைகளையும் ஒரே அளவாகத் தேய்த்தால்தான் அழகு. அப்படித்தான் அதுவரை செய்திருந்தேன். இதில் ஒன்றுவிட்டு ஒன்று பெரிதாக விட்டேன். மேடும் பள்ளமுமாக, பிடி கையைக் கடிக்க வேண்டும். மரத்துப்போன விரலுக்கும் 'இங்கே இருக்கிறேன்' என்று சொல்ல வேண்டும். பலமெல்லாம் கடைசி இரண்டு விரலில்தான் இருப்பதால், அடிப்பக்கத்தை அகலமாக்கி, சுண்டு விரல் போய் மாட்டிக்கொள்ள ஒரு கொக்கிபோல் வளைத்தேன். மாவுருண்டை காய்ந்து வெடிக்கும்வரை அதைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு ராவினேன். முடித்ததும் தவுக்கே கண்ணை மூடிப் பிடித்தார். முகத்தைச் சுளித்தார்.

"கால்" என்றார். பிறகு யோசித்துவிட்டு, "எனக்குக் கால். அவளுக்கு என்னான்னு அவதான் சொல்லணும்" என்றார்.

அந்தோணியம்மா வந்தார். கத்தியை வாங்கியதும், எந்த எச்சரிக்கையும் இல்லாமல், மீன் தலையை வெட்டுவதுபோல் ஓங்கி வீசினார். பட்டறையில் இருந்த எல்லாரும் குனிந்தோம். முனியாண்டி அண்ணன் உலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். கத்தி கையிலேயே இருந்தது. மறுபடி வீசினார். மறுபடியும்.

"நிக்குதுடி! தனம், நிக்குதுடி!"

பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆமா, கடைசி ரெண்டு விரல்லதான் எனக்குப் பலம் இருக்குன்னு உனக்கு எப்படிடி தெரியும்?"

கேட்டுவிட்டு, அவரே இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

முனியாண்டி அண்ணன் ஒரு முக்காலியை எடுத்துப் போட்டார். அந்தோணியம்மா அதில் உட்கார்ந்தார். அந்தப் பெரிய குரல் எங்கே போனதென்று தெரியவில்லை.

"மூணு விரலும் செத்துப்போச்சு. சூடு தெரியல, முள்ளு தெரியல. சின்னவளுக்குத் தலை பின்னிவிட்டேன். 'முடி பிச்சுக்குது, வலிக்குதும்மா'ன்னு அழுதா. எவ்வளவு இழுக்கிறேன்னே எனக்குத் தெரியல."

"ஆஸ்பத்திரிக்குப் போகலியாக்கா?"

"போனேன். மணிக்கட்டுல நரம்பு நெருக்குதாம், அறுத்து விடணும்னாங்க. கட்டுப் போட்டு வீட்டுல உக்கார வெச்சிட்டா கடைய யாரு பாப்பா? திரும்பி வர்றதுக்குள்ள எடத்த வேற ஆளு புடிச்சிருவான்."

தவுக்கே காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். "தனம் போகும். மீன் வெட்டும்" என்றார்.

"நானா? எனக்கு மீனைச் சாப்பிடத்தான் தெரியும்!"

"கத்தி செய்யத் தெரியுது, வெட்டத் தெரியாதா? சாயங்காலம் இங்க வேலை செய். காலையில அங்க போ."

ஒத்துக்கொண்டேன். தவுக்கே சொன்னதற்காக இல்லை. தலை பின்னிய கதை என்னை ஏதோ செய்துவிட்டது.

அறுவைச் சிகிச்சை நடந்தது. மறுநாளிலிருந்து நான் மீன்காரி. அந்த வாரங்களில் கிள்ளான் மக்கள் என்ன பாவம் செய்தார்களோ, என்னிடம் மீன் வாங்கினார்கள். துண்டு என்று கேட்டவர்களுக்குத் துருவல் கிடைத்தது. ராஜூ முதல் நாள் ஹெல்மெட்டை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்; பிறகு பரிதாபப்பட்டு, செதில் எடுக்கச் சொல்லிக் கொடுத்தார். எங்கள் சின்னம்மா ஒருத்தி ஒருநாள் கூடையோடு வந்து என் முன்னால் நின்றார். என் ஏப்ரனைப் பார்த்தார், மீனைப் பார்த்தார்.

"என்ன தனம், ஆபீஸ் லீவா?"

"ஆமா சின்னம்மா. அரைக்கிலோ போடவா?"

அம்மா அதற்குப் பிறகு உறவுக்காரர்களுக்கு எதையும் விளக்கவில்லை. எனக்கும் நிம்மதியாக இருந்தது.

அந்தோணியம்மாவின் அந்தக் கத்தியால்தான் வெட்டினேன். அத்தனை வருஷம் கத்தி செய்திருந்தும் ஒரு காலைப்பொழுது முழுக்க ஒன்றைப் பிடித்து வேலை செய்தது அதுதான் முதல் தடவை. மேடுகள் என் விரல்களைக் கடித்தன. கொக்கி சுண்டு விரலை நசுக்கியது. வாரக் கடைசிக்குள் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். வேறு கத்தி எடுத்துக்கொள்ளலாம் என்று ராஜூ சொன்னார். எடுக்கவில்லை. இதைத்தானே அந்தக் கை உணராமல் இருந்தது என்று நினைத்துக்கொண்டு, துணியைச் சுற்றிக்கொண்டு வெட்டினேன்.

கட்டுப் பிரித்ததும் அந்தோணியம்மா கடைக்கு வந்து உட்கார்ந்து என்னை அதட்டினார். பிறகு மெல்ல மெல்ல அவரே வெட்ட ஆரம்பித்தார். விரலில் உணர்ச்சி வந்ததா என்று கேட்டால், "வரும், வரும்" என்பார். டாக்டர் நாளாகும் என்று சொல்லியிருந்தார். வராமலேயும் போகலாம் என்றும் சொல்லியிருந்தார். அதை அந்தோணியம்மா சொல்லவில்லை, மூத்த பெண்தான் என்னிடம் சொன்னாள். நான் மறுபடி என் மூலைக்குத் திரும்பினேன். தினமும் பட்டறை வாசலில் நிழல் விழுந்தால் நிமிர்ந்து பார்ப்பேன்.

பத்துமலைத் திருவிழாவுக்கு முன்னால், வேலை நெருக்கும் நாட்களில் ஒரு மத்தியானம், அந்தக் குரல் தெருவிலிருந்தே கேட்டது. அந்தோணியம்மா உள்ளே வந்து கத்தியை என் பலகையில் தொப்பென்று போட்டார்.

"என்ன பிடிடி போட்டு வெச்சிருக்க? மேடும் பள்ளமுமா! நாலு மீன் வெட்டுறதுக்குள்ள கையெல்லாம் குத்துது. இதெல்லாம் ஒரு கத்தியா?"

பட்டறையில் சுத்தியல் சத்தம் நின்றது.

"எந்த விரல்ல குத்துது, அக்கா?" என்று கேட்டேன்.

"எல்லாத்துலயும்தான்! இதோ, இதுல குத்துது, இதுல குத்துது, இங்க பாரு, கொப்புளமே வந்திருச்சு!" என்று கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் என்று ஒவ்வொன்றாக என் மூக்குக்கு நேரே நீட்டினார். நீட்டிக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார். தன் விரல்களைத் தானே பார்த்தார்.

தவுக்கே எழுந்து கொல்லைப்பக்கம் போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

நான் கத்தியைப் பிடிப்பானில் மாட்டி, அரத்தை எடுத்து, மேடுகளை ஒவ்வொன்றாக ராவ ஆரம்பித்தேன். அந்தோணியம்மா என் தோளுக்கு மேலே குனிந்துகொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே அதட்டினார். "இன்னும் கொஞ்சம். அங்க இல்லடி, இங்க. இங்கதான் ரொம்பக் குத்துது."

வேலை சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதே என்று அரத்தை மெதுவாகவே ஓட்டினேன்.